புதன்கிழமைச் சவரம்

புதன்கிழமை நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் தங்கவேலின் கைப்பேசி ஒலித்தது. அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். எனவே, மனைவி கோவிந்தம்மாள்தான் எடுத்துப் பேசினாள். மறுமுனையில், மலைக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கும் தனியார் எலும்பு மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் அனுராதா.

"தங்கவேலு இருக்குதா? நாளைக்கு ஒரு ஆப்பரேசன் கீது. ஆர்.கே.பேட்டைக்காரங்க, கோமளவல்லின்னு ஒரு அம்மா. முட்டிச் சில்லு ஒடஞ்சிருக்கு. சக்கரை வேற கீதாம். அஞ்சு மணிக்குள்ள வந்து ஷேவ் பண்ணிட்டுப் போவச் சொல்லு."

 கோவிந்தம்மாள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"இன்னாம்மா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா? உங்க ஆஸ்பத்திரியில வந்து படுத்துட்டு எங்க வூட்டுக்காரரு நாலு மாசமா பட்ட பாடு தெரியாதா உங்களுக்கு?"

"அதான் ஆறிப்போச்சாமே! நடந்துகினு இருக்காருன்னு சொன்னாங்க. வரச் சொல்லும்மா, எனக்கு ஆயிரம் வேலை கீது." இணைப்பு அறுந்தது.

தங்கவேல் எழுந்து உட்கார்ந்து கைத்தடியைத் தேடினார்.

"போவாத மாமா. அவங்க மூஞ்சியிலயே முழிக்க வாணாம்."

"நான் போவலன்னா வேற ஒருத்தனக் கூப்புடுவாங்க. அவன் போயி அந்த அம்மா கால்ல கத்திய வெப்பான். விசயம் தெரியாம வெப்பான், நான் வெச்ச மாதிரி."

"அதுக்குன்னு நீ பொட்டியத் தூக்கிகினு போவியா?"

"பொட்டி வாணாம். தடிய மட்டும் குடு."

முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் முழங்காலை ஐந்து மணிக்குள் கத்தியிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும். இதைத் தவிர அன்று அவருக்கு வேறு எண்ணமே இல்லை. அந்த எண்ணம் அவருக்குள் எப்படி வேரூன்றியது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அவர் வாழ்க்கையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும்.

தங்கவேலுக்கு ஐம்பத்தாறு வயது. திருத்தணி மலைக்கோயிலில், முடி இறக்கும் மண்டபத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை. ஆடிக் கிருத்திகையின்போது நின்று தண்ணீர் குடிக்கவும் நேரமிராது. எல்லைக்கு அப்பாலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருவோர், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கும் தாய்மாமன்மார், கல்லூரித் தேர்வில் தேறிய இளைஞர் என எல்லாத் தலைகளும் அவர் கைக்குள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு தலைக்கும் புது அரை பிளேடு. அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. இடக்கைப் பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, வலக்கையால் ஒரே சீராகக் கத்தியை இறக்குவார். அழுதுகொண்டே வரும் குழந்தை பாதித் தலையில் உறங்கிவிடும்.

நேர்ந்துகொண்டு கொடுக்கும் முடியில் ஒரு சொட்டு இரத்தம் பொடித்தாலும் வந்தவர்கள் முகம் வாடிவிடும். வேண்டுதலில் ஏதோ குறை என்று கருதுவார்கள். ஆகையால் மண்டபத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் ஒரு படிகாரக் கட்டி உண்டு. தப்பித்தவறிக் கீறல் விழுந்தால், யாரும் பார்ப்பதற்குள் அதை நனைத்து ஓர் அழுத்து அழுத்துவார்கள். இரத்தம் நின்றுவிடும், மேலே சந்தனம் பூசியதும் கீறலும் மறைந்துவிடும். தங்கவேலுக்கு அந்தக் கட்டி ஆண்டுக்கு ஒன்றுகூடத் தேய்ந்ததில்லை. அது அவருடைய பெருமை.

மண்டபத்து வேலையோடு பதினான்கு ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தத் தனியார் மருத்துவமனைக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் சென்னையிலிருந்து எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் வருவார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'வியாழக்கிழமை டாக்டர்'. அவர் வருவதற்கு முதல்நாள் மாலை, அறுவைக்குக் காத்திருப்போரின் கைகால்களை மழித்து வைக்க வேண்டும். தங்கவேல் போவார், இடுப்பிலிருந்து பாதம்வரை, முதலில் நேராகவும் பிறகு எதிராகவும் இரண்டு முறை மழிப்பார். அனுராதா வந்து புறங்கையால் தடவிப் பார்த்து, "மொழுமொழுன்னு கீது" என்று சொன்னால் வேலை முடிந்தது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அவர். இருந்தும் அவள் அவரை 'வா, போ' என்றுதான் அழைப்பாள். அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

மருத்துவமனையின் உரிமையாளர் டாக்டர் ஹரிஹரன் அவரைக் கண்டால் ஒரு வேடிக்கை சொல்வார்: "வாப்பா, நீயும் மருத்துவர்தானே!" தங்கவேலின் சமூகத்துக்கு மருத்துவர் என்பது பழைய பெயர். கட்டி கீறுவதும், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் ஒரு காலத்தில் அவர்கள் கையில்தான் இருந்தன. ஹரிஹரன் அதைச் சொல்லிச் சிரிப்பார்; தங்கவேலும் உடன் சிரிப்பார். பதினான்கு ஆண்டுகள் அப்படித்தான் சிரித்தார்கள்.

நான்கு மாதங்களுக்கு முன், அரக்கோணத்திலிருந்து திரும்பும்போது, ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் இறங்கித் தங்கவேல் கீழே விழுந்தார். வலக் கணுக்கால் இரு பக்கமும் முறிந்தது. பழகிய இடம் என்பதால் அந்த மருத்துவமனையிலேயே போய்ச் சேர்ந்தார். தமக்குப் பதினோர் ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதையும் சேரும்போதே சொன்னார். வீட்டில் அவர் ஒழுங்காகத்தான் மாத்திரை சாப்பிட்டு வந்தார். உள்ளே போனதும், டாக்டர் இந்த வாரம் முன்னதாகவே வரக்கூடும் என்று மூன்று நாள் பட்டினி போட்டார்கள்; பட்டினியில் மாத்திரை வேண்டாம் என்றார்கள். பட்டினி முடிந்து அவர் சாப்பிட்டபோது, "மாத்திரையை மறுபடியும் போடு" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்சுலினும் போடவில்லை.

அறுவைக்கு முதல்நாள், புதன்கிழமை மாலை, அனுராதா அவர் கட்டிலருகே வந்து நின்றாள்.

"உனக்கு சவரம் பண்ண வேற ஆளையா கூப்புடணும்? நீயே பண்ணிக்கோப்பா!"

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கவேலும் சிரித்துக்கொண்டே கோவிந்தம்மாளிடம் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

கணுக்கால் வீங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது. மிளகளவில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள். தோலை இழுத்துப் பிடிக்கப் பெருவிரலை வைத்ததும் உயிர் போனது. இழுக்காமலே கத்தியை ஓட்டினார். இரண்டு கொப்புளங்கள் உடைந்தன. இரண்டு இடங்களில் இரத்தம் பொடித்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் இலட்சம் தலைகளைக் கண்ட கை தன் காலிலேயே கீறிவிட்டதே என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அனுராதா பார்த்தால் கேலி செய்வாளே! மண்டபத்தில் செய்வதைப்போலவே இங்கும் செய்தார். படிகாரக் கட்டியை நனைத்து அழுத்தினார், இரத்தம் நின்றது. நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்துகொண்டார். அனுராதா வந்து தடவிப் பார்த்தாள்.

"பாத்தியா, தொழில்காரன் தொழில்காரன்தான்!" என்றாள்.

மறுநாள் காலை இரத்தச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. பணியில் இருந்த இளம் மருத்துவர் நவீன்குமார் அதைத் தாளில் எழுதிவிட்டு, "சார், இறக்கிட்டுப் பண்ணலாமே" என்று மெல்லிய குரலில் சொன்னார். "இன்னிக்கு விட்டா அடுத்த வியாழன்தான், அதுவரைக்கும் கட்டிலை அடைச்சு வெச்சிருக்கறதா?" என்றார் ஹரிஹரன். நவீன்குமார் வாயை மூடிக்கொண்டார். தங்கவேல் இதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்பது தம் காலோடு தொடர்புடைய செய்தி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருவர் அந்த அறையில் இருந்தார்கள்.

அன்றே அறுவை செய்து, முறிந்த எலும்பில் தகடு பொருத்தினார்கள். ஒன்பதாம் நாள் கட்டு ஈரமாயிற்று. பத்தாம் நாள் நாறியது. பதினோராம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்த ஹரிஹரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சக்கரையை இப்படி வெச்சிருந்தா என்னப்பா பண்றது? உன் உடம்பு அப்படி. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரு" என்றார். பதினான்கு ஆண்டுகள் அவரிடம் வேலை செய்த மனிதனுக்கு அவர் சொன்ன விடை அவ்வளவுதான்.

கோவிந்தம்மாள் அன்றே அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கே கட்டைப் பிரித்தவர் டாக்டர் கல்பனா என்ற எலும்பு மருத்துவர். அவர் முதலில் புண்ணைப் பார்த்தார், பிறகு தாள்களைப் பார்த்தார், பிறகு கேட்டார்:

"ஆப்பரேசனுக்கு முன்னாடி கால ஷேவ் பண்ணாங்களா? யார் பண்ணது?"

"நான்தாங்க," என்றார் தங்கவேல். அந்த நிலையிலும் குரலில் ஒரு நிமிர்வு. "எனக்கும் நான்தான். அங்க வர்ற எல்லாருக்கும் நான்தான்."

"எப்போ?"

"மொத நாளு சாயங்காலம்."

கல்பனா பேனாவைக் கீழே வைத்தார். "பிளேடு தோல்ல படும்போது கண்ணுக்குத் தெரியாம நூறு கீறல் விழும்ங்க. விடியறதுக்குள்ள அதுல கிருமி குடியேறிடும். காலையில அதே தோலத்தான் நாங்க வெட்டுவோம். சர்க்கரை இருக்கிற உடம்புல அந்தக் கிருமிக்கு விருந்து."

தங்கவேலுக்குச் சினம் வந்தது. "அம்மா, நான் அழுக்குக் கத்தி வெச்சுக்கினு போறவன் இல்ல. ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு. இருபத்தெட்டு வருசமா மலைமேல கொழந்த தலையில வேல செய்றவன்!"

"உங்க கையையோ கத்தியையோ நான் குத்தம் சொல்லலைங்க. தலைமுடி எடுத்தா அதோட முடிஞ்சுது. மறுநாள் காலையில தலையை யாரும் வெட்டறதில்லையே. கால்ல அந்த வேலையே வேண்டாம்ங்கறேன். முடி இருந்தா ஒண்ணும் ஆகாது. ரொம்பக் குறுக்கே நின்னா, ஆப்பரேசனுக்குக் கொஞ்சம் முன்னாடி மெஷின்ல கத்தரிச்சு விடுவோம். அவ்வளவுதான்."

கோவிந்தம்மாளுக்கும் தெரியாத ஒன்றைத் தங்கவேல் அப்போது சொன்னார். கொப்புளங்கள் உடைந்ததையும், படிகாரம் வைத்து மறைத்ததையும் சொன்னார். கல்பனா கடிந்துகொள்ளவில்லை.

"கீறலால வந்துதா, முந்நூத்திப் பன்னெண்டால வந்துதா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டுமே தவிர்த்திருக்கலாம். அது மட்டும் நிச்சயம்."

"இந்தச் சவர விசயம்... எப்பலேர்ந்துங்க தெரியும் டாக்டருங்களுக்கு?"

"நான் படிக்கப் போறதுக்கு முன்னாடியே புத்தகத்துல இருந்துது."

அந்த விடைதான் அவர் நெஞ்சில் கனலை மூட்டியது. தெரியாமல் நடந்த தவறென்றால் மனிதன் பொறுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இருந்ததாம்; படித்தவர்கள் கையில் இருந்ததாம். அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் படியேறியபோது, அந்தப் புத்தகத்தைப் படித்துத் தேறியவர்கள் அங்கேயே நடமாடிக்கொண்டிருந்தார்கள். "இது வேண்டாமப்பா" என்ற இரண்டு சொற்களைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் மூன்று முறை அவர் காலைத் திறந்து கழுவினார்கள். நாளுக்கு நான்கு வேளை விரலில் குத்திப் பார்த்து, அளவறிந்து இன்சுலின் போட்டார்கள். முட்டையும் பயறும் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் கட்டில் வாசம். கால் பிழைத்தது, தகடும் உள்ளேயே நிலைத்தது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை.

அந்த ஆறு வாரமும் அவர் மனத்துக்குள் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு, மூன்று, பதினான்கு ஆண்டுகள். ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது. அவர்களுள் சர்க்கரை உள்ளவர் எத்தனை பேர்? திருவாலங்காட்டில் கரும்பு வெட்டும் சடகோபன் நினைவுக்கு வந்தார். கல்போன்ற கெண்டைக்கால். இரண்டு முறை மழித்து, அனுராதாவிடம் பாராட்டு வாங்கிய கால். அதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "உன் சக்கரை" என்றுதான் அவரிடமும் சொன்னார்கள். அது தம் கத்தியால் நேர்ந்ததா, இல்லையா என்பதைத் தங்கவேல் ஒருநாளும் அறிய முடியாது. அந்த அறிய முடியாமைதான் இரவு பகலாக அவரை அரித்தது. கத்தியைக் கையில் கொடுத்தவர்களை அது அரித்ததாகத் தெரியவில்லை.

ஆகவேதான், இந்தப் புதன்கிழமை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். கோவிந்தம்மாள் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கோமளவல்லிக்கு அறுபத்தொரு வயது. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியே பிள்ளையை ஆளாக்கியவள். தறிக்கூடத்து வாசற்படியில் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டாள். கட்டிலில் சாய்ந்து, பார்க்க வந்த உறவினர் யாரோ கொடுத்த மாம்பழச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அருகில் மகன் பூபாலன்.

அனுராதா உள்ளே வந்தாள். "வந்துட்டியா? பொட்டி எங்க?"

"பொட்டி கொண்டாரல, சிஸ்டர்."

"பின்ன கையாலயா புடுங்கப் போற?"

தங்கவேல் அவளுக்கு விடை சொல்லாமல் பூபாலன் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் கட்டில்ல தொங்குற தாள எடுத்து, சக்கரை எவ்ளோன்னு படிப்பா."

"இருநூத்தி எம்பத்தாறு. யாருங்க நீங்க?"

"இங்க காலு மழிக்கிறவன். மொதல்ல அம்மா கையில கீற அந்த ஜூஸ வாங்கி வெய்யி."

"இன்னாய்யா இது, குடிக்கறத்தக் கூடக் கண்ணு வெக்கிறியே!" என்றாள் கோமளவல்லி.

தங்கவேல் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கணுக்காலின் வெளிப்புறத்தில், அரைச்சாண் நீளத்துக்கு, உழுது போட்ட வரப்புபோலக் கருத்த தழும்பு. நடுவில் சதை குழிந்திருந்தது.

கோமளவல்லி உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "அய்யய்யோ நைனா! இது எங்க ஆச்சு?"

"இங்கதாம்மா. இதே மாதிரி ஒரு புதங்கெழமை. சக்கரை முந்நூத்திப் பன்னெண்டு. நானே மழிச்சேன், அவங்களே வெட்டினாங்க, நானே அனுபவிச்சேன்."

"தங்கவேலு!" என்று அனுராதா சீறினாள். "பேஷண்டுகிட்ட என்னா பேசற? வேல செய்ய இஷ்டம் இல்லன்னா போ, நான் வேற ஆளக் கூப்புடறேன்."

"கூப்புடு சிஸ்டர். அவன் வர்றப்பவும் நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்." சொன்னபடியே, கட்டிலுக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோவிந்தம்மாள் கதவருகே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

கோமளவல்லி போர்வையை விலக்கித் தன் காலைத் தானே பார்த்தாள். "ஏம்மா சிஸ்டரு, என் கால்ல எத்த மழிக்கப் போறீங்க? வெண்டக்காய்ல கீற சொணை கூட இதுல இல்லியே!"

பூபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். அந்தக் காலில் மழிப்பதற்கு ஒன்றுமே இல்லை. முடி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஆளுக்குச் சொல்லியனுப்பும் வழக்கம் அது.

சத்தம் கேட்டு ஹரிஹரனே வந்துவிட்டார், பின்னால் நவீன்குமார்.

"என்ன தங்கவேலு, பேஷண்ட்டைப் பயமுறுத்தறியா? உன் புண்ணுக்கு உன் சக்கரைதான் காரணம்னு அன்னிக்கே சொன்னேன்."

"ஆங், சொன்னீங்க. சக்கரை என்னுதுதான் சார், நான் இல்லன்னு சொல்லல. முந்நூத்திப் பன்னெண்டு இருக்கறப்ப வெட்டினது யாருது? மூணு நாளு மாத்திரைய நிறுத்தி வெச்சது யாருது?"

"சவரம் பண்றவன் எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றியா?"

"நீங்கதானே சார் பதினாலு வருசமா என்ன மருத்துவர்னு கூப்புட்டீங்க?"

ஹரிஹரன் முகம் சிவந்தது. "ஷேவ் பண்ணாம சர்ஜன் தொடமாட்டார். தெரியுமா உனக்கு?"

அப்பொழுதுதான் நவீன்குமார் வாய் திறந்தார். நான்கு மாதங்களுக்கு முன் மூடிக்கொண்ட வாய். "சார்... அவர் கேக்கவே மாட்டார். நான் போன வாரம் அவர்கிட்ட கேட்டேன். சென்னையில அவர் ஆஸ்பத்திரியில ஷேவ் பண்றதே இல்லையாம். இங்க நம்ம வழக்கம்னு விட்டுட்டாராம்."

 தங்கவேல் தடியை ஊன்றி எழுந்து நின்றார். 

"அப்ப மெட்ராஸ்ல இருக்கிறவன் காலு ஒரு காலு, திருத்தணிக்காரன் காலு ஒரு காலா சார்? அந்த ஆளு வாரா வாரம் வந்து நான் மழிச்ச காலத்தானே வெட்டிட்டுப் போனாரு? ஒரு வார்த்த... ஒரே வார்த்த சொல்லியிருந்தா என் கை நின்னிருக்காதா?"

அனுராதா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் டிரெய்னிங் எடுத்தப்ப இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் மெதுவாக. "எனக்கும் யாரும் சொல்லலியே." அவள் சொன்னதும் பொய்யில்லை.

நவீன்குமார் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். "இப்பவே இன்சுலின் ஆரம்பிச்சுடறேன் சார். மணிக்கு ஒருதரம் பாக்கறேன். காலையில இருநூறுக்குக் கீழ வந்துட்டா எடுத்துக்கலாம். வரலைன்னா தள்ளி வைக்கணும்."

"அடுத்த வியாழன் வரைக்கும் கட்டில்..." என்று தொடங்கினார் ஹரிஹரன்.

"அடுத்த வியாழன் ஆவட்டும் சார்," என்றான் பூபாலன். "எங்கம்மா காலு எங்கியும் ஓடிப் போவாது. அந்தக் காலு எங்களுக்கு வேணும்."

ஹரிஹரன் ஒருவரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். தங்கவேல் போகவில்லை. நவீன்குமார் முதல் ஊசியைப் போட்டு, 'மழிக்கக் கூடாது' என்று தாளில் எழுதி, அதைப் பூபாலனுக்குப் படித்துக் காட்டிய பின்னர்தான் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

காலையில் கோமளவல்லியின் சர்க்கரை நூற்றெழுபத்துநான்கு. சவரக் கத்தி அவள் முழங்காலைத் தொடவில்லை. வெட்டுவதற்குச் சற்று முன் கிருமித்தடுப்பு ஊசி போட்டு, மருந்து நீரால் காலைக் கழுவி, அன்று பிற்பகலே அறுவை முடிந்தது. ஏன் மழிக்கவில்லை என்று வியாழக்கிழமை டாக்டர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இத்துடன் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த புதன்கிழமையே, மண்டபத்தில் வேலை செய்யும் சுப்பிரமணிக்கு அந்த மருத்துவமனையிலிருந்து அழைப்புப் போயிற்று. 'தங்கவேலு வேண்டாம், தகராறு பண்ணுகிறான், நீ வா' என்று. இளம் மருத்துவர் ஒருவர் தாளில் எழுதிய ஒரு வரியை விடப் பதினான்கு ஆண்டு வழக்கத்துக்கு வலிமை அதிகம்.

செய்தி காதில் விழுந்ததும் தங்கவேல் ஆட்டோ பிடித்து மலைக்குப் போனார். கால் முறிந்தபின் மண்டபத்தில் அவர் நுழைந்தது அதுவே முதன்முறை. ஓய்வு நேரம், ஏழெட்டுப் பேர் சுவரோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாண்ணா! நொண்டிக்கினே மலையேறிட்டியே, மொட்ட போட்டுக்கவா வந்த?" என்றார் ஒருவர்.

"உங்களுக்கெல்லாம் மொட்ட போட வந்தேன். சுப்பிரமணி எங்க?"

சுப்பிரமணி கோப்பையோடு முன்னே வந்தார். "கோவிச்சுக்காத அண்ணா. நான் போவலன்னா வேற ஒருத்தன் போவான். அந்த வேல எப்படியும் நடக்கும்."

"நானும் என் பொண்டாட்டிகிட்ட அதத்தான் சொன்னேன். ஒருத்தன் போவலன்னா நடக்கும்டா. ஒருத்தனுமே போவலன்னா?"

வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கொப்புளம் உடைந்ததைச் சொன்னார், படிகாரத்தைச் சொன்னார். படிகாரம் என்றதும் அங்கிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏனெனில் அவர்களில் ஒவ்வொருவரும் அதே இடத்தில் அதையேதான் செய்திருப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியும்.

"நம்ம கை சுத்தம்னு நமக்குத் தெரியும். தலைக்கு அது போதும். வெட்டப் போற காலுக்குப் போதாது. சக்கரை இருக்கிறவன் காலுன்னா கேக்கவே வாணாம். தெரியாதப்ப செஞ்சோம். தெரிஞ்சப்புறமும் செஞ்சா, அந்தப் புண்ணு நம்மளுது."

சுப்பிரமணி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அவங்க மெஷின் வாங்கிக்கட்டும்," என்றார். "நான் போவல."

அன்று மாலை மண்டபத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர்களுக்கும் செய்தி போய்விட்டது, அவர்களும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, அந்த மருத்துவமனையில் முடி கத்தரிக்கும் மின்கருவி ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். தேவையானவர்க்கு மட்டும், அறுவை நாளன்று காலையில், அனுராதாவே அதைப் பிடிக்கிறாளாம். அது தம் மருத்துவமனையின் புதிய வசதி என்று ஹரிஹரன் வருவோரிடம் சொல்லிக்கொள்கிறாராம்.

கோமளவல்லிக்குத் தையல் பிரித்த அன்று, அவள் நேரே ஊருக்குப் போகவில்லை. மகனைத் தங்கவேலின் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இறங்க முடியாததால், ஆட்டோவிலிருந்தபடியே புடவையைச் சற்று ஒதுக்கி முழங்காலைக் காட்டினாள். ஒரு சொட்டு நீரில்லை, சிவப்பில்லை. வெள்ளைத் துணியில் ஓட்டிய தையல்போல ஒரே கோடு.

"பாத்துக்கோ நைனா! உன்னால தப்பிச்சுது. சரி, உன் காலு இப்ப எப்படி கீது?"

தங்கவேல் தடியால் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். "மடங்க மாட்டேங்குதும்மா. கீழ குந்தி வேல செய்ய முடியாது. முக்காலி போட்டுகினுதான் இனிமே."

"வலிக்குதா?"

"ராத்திரியில வலிக்கும்."

அவள் 'ச்' கொட்டினாள்; கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்; ஆட்டோ நகர்ந்தது. தங்கவேல் தடியை ஊன்றி வாசலிலேயே நின்றார். உன் கால் எப்படி இருக்கிறது என்னும் அந்த எளிய கேள்வியைக் கேட்க, ஆர்.கே.பேட்டையிலிருந்து, தானும் கால் ஊன்ற முடியாத ஒரு தறிக்காரி வர வேண்டியிருந்தது. தெரு முனையிலிருந்து பார்த்தால் தெரியும் மருத்துவமனையிலிருந்து, இந்த நாள்வரை, ஒருவரும் வந்து அதைக் கேட்கவில்லை.